சுருளுக்குள் இருக்கும் சிலிக்கான்

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆய்வுக்காக 5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு அதிர்வெண் வடிப்பானை (ஃபில்டர்) வடிவமைக்கிறேன். இடத்தை மிச்சப்படுத்த, சிலிக்கானை ஊடுருவும் செப்புத் துளைகளை (டி.எஸ்.வி.) மேலும் கீழும் இணைத்து மின்தூண்டிச் (இண்டக்டர்) சுருளாக்கியிருக்கிறேன். துளையின் விட்டம் 10 மைக்ரோமீட்டர், ஆழம் 100, ஆக்சைடு உறை 0.5. கணினியில் முடிவுகள் அருமையாக வருகின்றன. இந்தப் புத்தம் புதிய தொழில்நுட்பத்தில் எத்தனை சுற்றுகள் வரை போகலாம்? எந்த மென்பொருள் சிறந்தது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

புத்தம் புதியது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். வேஃபரை, அதாவது சில்லு செய்யும் மெல்லிய தகட்டை, துளைத்து இருபுறத்தையும் இணைக்கும் யோசனைக்கு, டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷாக்லி 1958-லேயே காப்புரிமை கோரிவிட்டார். மென்பொருள் எதுவானாலும் சரி.

நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. சிலிக்கானின் மின்கடத்துதிறன் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் இருக்கிறது; அதாவது, சிலிக்கான் மின்சாரத்தையே கடத்தாது என்று கணினி எடுத்துக்கொள்கிறது. என் முதல் சுருளில் நானும் அதையேதான் செய்தேன். கணினியில் 30-ஐத் தாண்டிய தரக்காரணி (ஆற்றல் இழப்பு குறையக் குறைய உயரும் எண்), அளவீட்டு மேசையில் 6-க்கு மேல் ஏறவில்லை. ஆய்வுமுனைகளைத் துடைத்துத் துடைத்து இரண்டு நாட்களை வீணாக்கினேன்.

சமதளச் சுருளில் சிலிக்கான் கீழே கிடக்கிறது. உங்கள் சுருளிலோ அது வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. காந்தப்புலம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. சாதாரண வேஃபரின் மின்தடைத்திறன் 10 ஓம்-சென்டிமீட்டர் என்றால், சுமார் 15 கிகாஹெர்ட்ஸ் வரை அது மின்காப்பியைவிடக் கடத்தியாகவே நடந்துகொள்ளும்; ஆற்றல் அதற்குள் வீணாகும். ஆக்சைடு உறை காப்பாற்றும் என்று நம்புகிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் அளவுகளையே வைத்துக் கணக்கிட்டேன்: ஒரு துளையின் உறைக்கு மின்தேக்குதிறன் ஏறத்தாழ 0.23 பிக்கோஃபாரட், அதாவது 5 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு வெறும் 140 ஓம். அரை மைக்ரோமீட்டர்ச் சுவரைத் தாண்டி மின்னோட்டம் சிலிக்கானுக்குள் தாராளமாக நுழைந்துவிடும். சுற்றுகளைக் கூட்டினால் இந்தக் கசிவு வழிகளும் கூடும், சுருள் தன் சொந்த ஒத்ததிர்வை இன்னும் குறைந்த அதிர்வெண்ணிலேயே எட்டிவிடும்; அதைத் தாண்டினால் அது மின்தூண்டியாக வேலை செய்யாது. செம்பு வெப்பத்தில் சிலிக்கானைவிடப் பல மடங்கு விரிந்து பிதுங்குவதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்; அதற்கு முன்பே இந்த வடிப்பான் தோற்றுவிடும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், துளைகளை நீங்கள் அடுக்கியிருக்கும் விதம் உண்மையிலேயே அழகாக இருக்கிறது. மின்கடத்துதிறன் கட்டத்தில், சாதாரண வேஃபருக்குரிய மீட்டருக்கு 10 சீமன்ஸ் என்று நிரப்பி ஒருமுறை ஓட்டுங்கள், பிறகு 1000 ஓம்-சென்டிமீட்டர் வேஃபருக்குரிய 0.1 என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு வரைபடங்களையும் அனுப்பினால், எத்தனை சுற்றுகள் என்பதைப் பேசலாம்.