ஆபரேஷன் தியேட்டருக்குள் பாட்டு போடலாமா?

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழில் ஒரு பித்தப்பை ஆபரேஷனைப் பற்றி எழுதும்போது, "பின்னால் நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டுச் செய்ததால் நினைவோடுதான் இருந்தான். உள்ளே சினிமாப் பாட்டு ஓடியதாம், டாக்டர் கூடவே முணுமுணுத்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார்களா? (வாசகி, காரைக்குடி)

கேட்பார்கள் அம்மா. நானும் முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன். உங்கள் மகனுக்குச் செய்தவர் அசட்டையாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம்.

கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கடைக்காரியோடு வீட்டுக்கதை எல்லாம் பேசுவார், விரல் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். நாரில் ஒரு சிக்கு விழட்டும், பேச்சு தானாக நின்றுவிடும். நாங்களும் அப்படித்தான். என்னோடு வேலை பார்த்த மூத்த டாக்டர் ஒருவர் தையல் முடியும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அவர் முணுமுணுப்பு நின்றால் அறையில் இருக்கும் எல்லோரும் நிமிர்ந்துவிடுவோம். ஏதோ ஒரு ரத்தக்குழாய் அவர் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கேன் என்ற சிற்றூரில் இவான் கேன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், ஆபரேஷன் அறையில் கிராமபோன் வைத்தார். 1914இல் அதைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார். நோயாளி மயங்குவதற்கு முன் இருக்கும் பயத்தைத் தணிக்கத்தான் அவர் அதை வைத்தார். (இதே மனிதர் 1921இல் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துகொண்டு தன் குடல்வாலைத் தானே வெட்டி எடுத்தவர். துணிச்சல்காரர்.) ஆக, பாட்டு முதலில் தியேட்டருக்குள் போனது உங்கள் மகனைப் போன்றவர்களுக்காக. பிறகுதான் டாக்டர்களுக்கும் அது பழகிப்போனது.

மகனுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால், "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று மேஜையில் படுத்திருப்பவர் சொல்ல முழு உரிமை உண்டு.

கேள்வி: பாட்டுக் கேட்டால் டாக்டரின் கை நன்றாக வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? எந்த ராகம் நல்லது? (வாசகர், கும்பகோணம்)

இருக்கிறது, ஆனால் எல்லோரும் சொல்கிற அளவுக்கு இல்லை.

அடிக்கடி காட்டப்படுவது 1994இல் அமெரிக்காவில் பஃபலோவில் நடந்த ஆய்வு. ஆபரேஷன் செய்யும்போது பாட்டுக் கேட்கும் பழக்கமுள்ள 50 பேரை எடுத்துக்கொண்டார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த இசை ஒரு முறை, ஆய்வாளர்கள் கொடுத்த மேற்கத்திய செவ்வியல் இசை ஒரு முறை, இசையே இல்லாமல் ஒரு முறை. தாங்கள் தேர்ந்தெடுத்ததைக் கேட்டபோது ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் குறைவாக ஏறின, வேலையும் வேகமாகவும் தப்பில்லாமலும் நடந்தது. ஆனால் அந்த வேலை என்ன தெரியுமா? மனக்கணக்கு. ஓர் எண்ணிலிருந்து திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் கையிலும் கத்தி இல்லை. இதை விட்டுவிட்டுத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதோடு, அந்த ஐம்பது பேரும் ஏற்கெனவே பாட்டுப் பிரியர்கள்.

கையில் ஊசியோடு செய்த ஆய்வு 2015இல் டெக்சஸ் மாநிலம் கால்வெஸ்டனிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கும் 15 மருத்துவர்கள் பன்றிக்காலில் கீறலை அடுக்கடுக்காகத் தைத்தார்கள், ஒரு முறை பிடித்த பாட்டோடு, ஒரு முறை பாட்டில்லாமல். யார் எப்போது தைத்தது என்று தெரியாத ஆட்கள் தையலைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பாட்டோடு தைத்தபோது சராசரியாக 7 சதவீத நேரம் மிச்சம், தையலும் மேல். என் கணக்கில் ஒரு மணி நேர வேலையில் நாலு நிமிஷம். பெரிதில்லை, அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது.

ராகம் பற்றி: இன்ன ராகம் கைக்கு நல்லது என்பதற்கு நான் நம்பக்கூடிய ஆய்வு எதையும் படித்ததில்லை. அவரவர்க்குப் பிடித்ததுதான் வேலை செய்கிறது.

கேள்வி: டாக்டர் அம்மா, நான் ஹவுஸ் சர்ஜன். ஹாஸ்டல் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் முடிச்சுப் போட்டுப் பழகுகிறேன். சரிதானே? (வாசகர், தஞ்சாவூர்)

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கழற்றி வைத்துவிடு.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2008இல், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) அதிகம் பழகாத இளம் மருத்துவர்களைக் கணினியில் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். புதிதாகக் கற்கும் கைக்கு இசை இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஏன் என்று நீயே பார்க்கலாம். ஆட்டுக்கால் ஒன்று வாங்கி வந்து தைத்துப் பார். ஊசி தோலுக்குள் நேராக இறங்குகிறதா, சாய்கிறதா என்று மணிக்கட்டுக்கு ஒரு சேதி வரும். இரண்டாவது முடிச்சை இறுக்கும்போது நூல் லேசாக நறநறவென்று உட்காரும். அந்த நறநறப்பு காதுக்குக் கேட்பதை விட விரலுக்குத்தான் கேட்கும், ஆனால் கவனம் முழுவதும் அங்கே இருந்தால்தான் கேட்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் தோல் ஓரம் வெளுக்கும். இதையெல்லாம் கற்றுக்கொள்கிற நேரத்தில் பாட்டுக்குப் பாதி மனசைக் கொடுக்காதே. நீ நினைக்காமலே கை முடிச்சுப் போடும் நாள் வரும். அன்றைக்குப் பாட்டைப் போட்டுக்கொள். அப்புறம், தியேட்டருக்குள் ஹெட்போன் எந்த வயதிலும் கூடாது.

கேள்வி: நான் தியேட்டர் நர்ஸ். எங்கள் டாக்டர் ஸ்பீக்கரில் சத்தமாகப் பாட்டு போடுகிறார். அவர் கேட்கும் கருவி என்னவென்று பல நேரம் எனக்குக் கேட்பதில்லை. மாஸ்க் வேறு, வாயசைவும் தெரியாது. திரும்பக் கேட்டால் கோபப்படுகிறார். எப்படிச் சொல்வது? (வாசகி, திருநெல்வேலி)

சிஸ்டர், இந்தப் பக்கத்தை எழுதியதே உங்கள் கடிதத்துக்காகத்தான்.

முதலில், குறை உங்கள் காதில் இல்லை. லண்டன் ஆய்வாளர்கள் 20 ஆபரேஷன்களை வீடியோ எடுத்து, யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணி 2015இல் வெளியிட்டார்கள். இருபதில் 16இல் பாட்டு ஓடியது. பாட்டு ஓடும்போது, சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டிவருவது ஐந்து மடங்கு அதிகம். ஒவ்வொரு தடவையும் 4 விநாடியிலிருந்து 68 விநாடி வரை போகிறது. பாட்டை வைப்பது டாக்டர், அதோடு மல்லுக்கட்டுவது நர்ஸ். இதழை எடுத்துப் போய் அவரிடமே காட்டுங்கள்.

இனி என் கதை. நான் சேர்ந்து ஆறு வருஷம் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல், இரைப்பையில் ஓட்டை விழுந்த ஒரு கேஸ். ஓட்டையை அடைத்து, வயிற்றைக் கழுவி, மூட ஆரம்பித்துவிட்டேன். நல்லபடியாக முடிந்த நிம்மதியில் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னதும் நான்தான். நர்ஸ் ஏதோ சொன்னார். தலையாட்டினேன். மறுபடி சொன்னார். தைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது முறை அவர் நேராகப் போய் டேப்ரெக்கார்டரை அணைத்துவிட்டு வந்து சொன்னார்: "மேடம், பத்து மாப் கொடுத்தோம். ஒன்பதுதான் இருக்கு." மாப் என்றால் வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி.

போட்ட தையலைப் பிரித்தேன். ஈரல்மேல் கையை விட்டுத் தடவினால், நனைந்து உருண்டு அங்கேயே இருந்தது. நனைந்த மாப் கண்ணுக்குத் துணி மாதிரியே தெரியாது, உள்ளே இருக்கும் சதையின் நிறத்துக்கு வந்துவிடும். அது உள்ளேயே தங்கியிருந்தால் சீழ் பிடித்திருக்கும், இன்னோர் ஆபரேஷன் ஆகியிருக்கும், ஆளே போயிருக்கலாம். அந்த சிஸ்டர் அன்றைக்கு என் முகத்துக்குப் பயந்திருந்தால்? இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து என் தியேட்டரில் ஒரு வழக்கம் வைத்தேன். ஆரம்பிக்கும் முன் நோயாளியின் பெயரையும், ஆபரேஷன் இடது பக்கமா வலது பக்கமா என்பதையும் சரிபார்க்கும்போது பாட்டு கிடையாது. மயக்கம் கொடுக்கும்போதும் தெளிவிக்கும்போதும் கிடையாது. மூடும் முன் எண்ணும்போது கிடையாது. ரத்தம் கொட்டினால் யாரும் கேட்காமலே அணைத்துவிடலாம். நடுவில் ஓடுகிற பாட்டின் சத்தத்தைக் குறைக்கும் அதிகாரம் நர்ஸுக்கும் மயக்க மருத்துவருக்கும்தான், எனக்கில்லை.

மயக்க மருத்துவரை ஏன் சொல்கிறேன் என்றால், அவருக்கும் காதுதான் கருவி. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நாடிக்கு ஒன்றாக "டிப், டிப்" என்கிறது இல்லையா? ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். நல்ல மயக்க மருத்துவர் திரையைப் பார்க்காமலே, சுருதி கொஞ்சம் இறங்கியதுமே திரும்பிவிடுவார். ஸ்பீக்கர் அலறினால் அது காதில் விழாது. அவரையும் சேர்த்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். கேஸ் நடக்கும்போது வேண்டாம், காலையில் முதல் கேஸுக்கு முன்னால் சொல்லுங்கள். "சார், உங்கள் பாட்டு எங்களுக்கும் பிடிக்கும், உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிற அளவுக்கு வையுங்கள்" என்றால் போதும். அதற்கும் கோபப்பட்டால், எண்ணிக்கை நேரத்தில் அணைத்துவிடுங்கள். என் நர்ஸ் செய்தது அதைத்தான்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன். எனக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லிக் கேட்கலாமா? (வாசகர், சேலம்)

தாராளமாக. 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கை 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆபரேஷனுக்கு முன்போ நடுவிலோ பிறகோ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைவு, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. வார்டுக்கு வந்தபிறகு கேட்பதுதான் எல்லோருக்கும் சுலபம். போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கட்டில்காரருக்காக இயர்போனும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அந்த நாகஸ்வரக் கேசட் இன்னும் இருக்கிறதா? (வாசகி, மயிலாடுதுறை)

இருக்கிறது. தொண்ணூறு நிமிஷ டேப், பக்கத்துக்கு நாற்பத்தைந்து. பித்தப்பைக்கு நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிற்கும்போது போடுவார்கள். ஒரு பக்கம் முடிந்து பட்டன் "டக்" என்று மேலே வரும்போது பித்தப்பை கிண்ணத்தில் இருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கணக்கு. இல்லையென்றால், மறுபக்கத்தைத் திருப்பிப் போட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிடுவேன்.