எடின்பரோவிலிருந்து ஒரே நாளில், கோல்ஃபுக்குப் பேர்போன ஸ்காட்லாந்து ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸ் போய் வரலாமா? கோல்ஃப் தெரியாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

தாராளமாகப் போய் வரலாம். ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. லூக்கர்ஸ் வரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து பேருந்து.

முதலில் பேராலய இடிபாடுகளுக்குப் போங்கள். 1158இல் தொடங்கிய கட்டுமானம், 1318இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்டது. 1559இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கிளர்ச்சியில் சூறையாடப்பட்டது. இன்று சுவர்த் துண்டுகளும் புல்லும் கடற்காற்றும்தான். அருகிலுள்ள 33 மீட்டர் உயர செயின்ட் ரூல்ஸ் கோபுரத்தில் ஏற அனுமதி இருந்தால் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் கோட்டைதான் உச்சம். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவரான கார்டினல் பீட்டனை இங்கே கொன்றவர்கள் கோட்டைக்கு உள்ளேயே இருந்துகொண்டார்கள். முற்றுகையிட்டவர்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்ட, உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை வைத்துத் திசையைக் கணித்து, பாறையைக் குடைந்து எதிர்ச்சுரங்கம் போட்டு அவர்களை மறித்தார்கள். அந்த இரண்டு சுரங்கங்களுக்குள்ளும் இன்றும் குனிந்து போய்ப் பார்க்கலாம். முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள்.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு: இங்குள்ள ஒரு பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ்! இவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தியபோது, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் 'மெட்ராஸ் முறை'யை வகுத்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்தது இது. சவுத் ஸ்ட்ரீட்டில் அதன் பழைய கட்டடத்தைப் பார்க்கலாம்.

ஞாயிறன்று ஓல்டு கோர்ஸ் என்ற புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, யாரும் நடக்கலாம். அப்படியே வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரைக்கு இறங்கிவிடுங்கள்.