ஜே-1 பள்ளிப் பரிமாற்றம்: ஆங்கிலம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரு பருவமோ ஓராண்டோ படிக்க, பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான ஜே-1 விசாவில் சென்று, அங்கே ஓர் அமெரிக்கக் குடும்பத்துடன் தங்கும் மாணவர்களின் மொழித் தகுதி குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு தாயார்: அமெரிக்க அரசு எத்தனை மதிப்பெண் எதிர்பார்க்கிறது?

அரசு எந்த மதிப்பெண்ணையும் நிர்ணயிக்கவில்லை. அமெரிக்கப் பள்ளியிலும் அமெரிக்க வீட்டிலும் இயங்குவதற்குப் போதிய ஆங்கிலம் மாணவருக்கு வேண்டும் என்று கூறும் வெளியுறவுத் துறையின் விதிகள், அதை உறுதிசெய்யும் பொறுப்பை இத்திட்டத்தை நடத்த அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் நிறுவனங்களிடம் விட்டுவிடுகின்றன. அதனால்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் தேர்வும் வரம்பும் மாறுகின்றன. பள்ளியைப் பற்றியே கவலைப்படும் பெற்றோர் வீட்டை மறந்துவிடுகிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்வது, வெளியே செல்ல அனுமதி கேட்பது, மனத்தாங்கல் வந்தால் பேசித் தீர்ப்பது ஆகிய அனைத்தையும் அங்கே உங்கள் மகள் ஆங்கிலத்தில்தான் செய்தாக வேண்டும்.

திருச்சி மாணவர்: எல்டிஸ் தேர்வில் என்ன கேட்பார்கள்?

எல்டிஸ் (ELTiS) என்பது பரிமாற்ற மாணவர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்க ஸ்பான்சர் நிறுவனங்கள் பயன்படுத்தும் தேர்வு. அதில் கேட்டுப் புரிந்துகொள்ளுதல், படித்துப் புரிந்துகொள்ளுதல் ஆகிய இரண்டு பகுதிகள் மட்டுமே உள்ளன. விடைகளைத் தெரிவுசெய்தால் போதும். பேச்சும் எழுத்தும் இதில் சோதிக்கப்படாததால், நிறுவனங்கள் நேர்காணலிலும், தங்கவைக்கப்போகும் ஹோஸ்ட் குடும்பத்துக்கு மாணவர் எழுதும் கடிதத்திலும் அவற்றைக் கவனிக்கின்றன. அக்கடிதத்தைப் பெரியவர்கள் திருத்தி மெருகேற்றித் தருவது நம் ஊரில் வழக்கம் என்றாலும், நேர்காணலில் வாய் திறந்ததுமே அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: தமிழ்வழியில் படிக்கும் மகன் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம், பயிற்றுமொழி தடையாகாது. ஆனால் அவர் இதுவரை படித்த பாடங்களின் ஆங்கிலச் சுருக்கத்தை ஸ்பான்சர் நிறுவனம் அமெரிக்கப் பள்ளிக்கு முன்கூட்டியே அளிக்க வேண்டும் என்பது விதி. எனவே தமிழில் மட்டும் உள்ள சான்றுகளை இப்போதே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை மாணவி: அங்கே போன பிறகு பள்ளியில் ஆங்கிலம் கற்றுத் தருவார்களா?

அதை நம்பிப் புறப்படாதீர்கள். மாணவரைச் சேர்த்துக்கொள்வதாகப் பள்ளி முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்புதல் அளிக்க வேண்டும். தனிப் பயிற்சி தேவைப்படும் மாணவருக்கு அந்த ஒப்புதல் கிடைப்பது கடினம்.

சென்னையிலிருந்து ஓர் ஆசிரியை: ஜெர்மனி போன்ற நாடுகளிலும் இதே நிலைதானா?

இல்லை. அமெரிக்க, ஜெர்மன் நாடாளுமன்றங்களின் பெயரில் 1983இல் தொடங்கிய காங்கிரஸ்-பண்டஸ்டாக் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்குச் செல்லும் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அங்கே சென்றதும் மொழிப்பயிற்சி தரப்படுகிறது. ஆங்கிலத்தை உலகமே படித்துவிட்டு வரும் என்று அமெரிக்கா எதிர்பார்ப்பது ஒருவகையில் அநியாயம்தான்.

சேலம் மாணவர்: சில மாதங்களே உள்ளன, எதில் தொடங்குவது?

இலக்கணப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் செவியைப் பழக்குங்கள். அமெரிக்க ஆசிரியர்கள் நடத்தும் வரலாறு, உயிரியல் வகுப்புக் காணொளிகளைச் சப்டைட்டில் இல்லாமல் கேட்டுக் குறிப்பெடுத்து, பிறகு சப்டைட்டிலுடன் ஒப்பிட்டு, அந்தப் பாடத்தை ஒருவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள். புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டும் பழக்கம் இருந்தால், அதையும் இப்போதே விட்டுவிடுங்கள்.