கம்பு ஊன்றினால் கிழவியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இடது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். டாக்டர் சொல்லி வாங்கிய கைத்தடி ஆறு மாதமாகக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. “கம்பு ஊன்றினால் ஊரே கிழவி என்று சொல்லும்” என்கிறார். “பழகிவிட்டால் அப்புறம் காலே போய்விடும்” என்று மாமா வேறு பயமுறுத்துகிறார். அடுத்த மாதம் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. பேத்தி விசேஷத்துக்கே வர மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா வீட்டுக்குள் நடப்பதை ஒரு நாள் கவனியுங்கள், சகோதரி. கட்டில் விளிம்பு, ஃப்ரிட்ஜ், கதவு நிலை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் போவார். குளியலறைப் பக்கச் சுவரில் உள்ளங்கை பட்டுப் பட்டு எண்ணெய்க் கறைகூட ஏறியிருக்கும். என் அம்மா வீட்டில் அப்படித்தான் இருந்தது. வாசலைத் தாண்டினால் பிடிக்கச் சுவர் கிடையாது. காதுகுத்துக்கு வர மறுப்பது அதனாலும்தான்.

மாமாவின் பயம் பலருக்கும் இருக்கிறது, ஆனால் விஷயம் நேர்மாறு. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால்தான் தொடைத் தசை மெலியும். மூட்டின் பாரத்தில் கொஞ்சத்தைத் தடி வாங்கிக்கொண்டால் நாலு அடி கூடுதலாக நடப்பார். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியையும் விட வேண்டாம்.

சரி, அம்மா தடியை எந்தக் கையில் பிடித்துப் பார்த்தார்? வலிக்கிற பக்கமே பிடித்துவிட்டு, உபயோகமில்லை என்று மூலையில் போடுகிறவர்கள் அதிகம். இடது காலில் வலி என்றால் தடி வலது கையில் இருக்க வேண்டும். இடது காலும் தடியும் சேர்ந்தே முன்னே போக வேண்டும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். தடி குட்டையாக இருந்தால் குனிந்து நடப்பார். கிழவி போலக் காட்டுவது அந்தக் குனிவுதான். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், ஈர மொசைக்கில் வழுக்கும்.

ஊர் பேச்சுக்கு ஒன்று சொல்லுங்கள். 2009-இல் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கலைஞர் சக்கர நாற்காலிக்கு மாறினார். அதில் இருந்தபடியே 2011 வரை முதல்வராக இருந்தார், ஓட்டும் கேட்டார். அம்மாவே டி.வி.யில் பார்த்திருப்பார்.

ஆனால் விசேஷ வீட்டில், நூறு பேர் நடுவில் முதன்முதலாகத் தடியைக் கையில் கொடுக்காதீர்கள். இந்த வாரமே வெயில் தாழ்ந்ததும் கூட்டிப் போங்கள். வழியில் யாராவது “என்னாச்சு?” என்று கேட்டால் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம், அவரே சொல்லட்டும். முதல் நாள், மகாமகக் குளத்தின் ஒரு கரை போதும்.