விலாங்கு வழக்கும் முள் பெட்டியும்

கே: கனடாவின் மிக்மாக் பழங்குடியினரின் மெம்பர்டூ ஊர் இவ்வளவு வளர்ந்தது அரசு மானியத்தாலா?

ப: மானியம் எல்லா ஊருக்கும்தான் வருகிறது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் சிட்னி நகரை (ஆஸ்திரேலியச் சிட்னி அல்ல) ஒட்டிய ஊர் இது. இவர்கள் முன்பு துறைமுகப் பக்கம், கிங்ஸ் ரோட்டில் இருந்தார்கள். 1916-ல் நீதிமன்ற உத்தரவு வந்து, பத்தாண்டு கழித்து இப்போதைய இடத்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். 1990-களில் ஊர் நிர்வாகம் பற்றாக்குறையில் தள்ளாடியது. முதலில் கணக்கைச் சரிசெய்தார்கள். 2002-ல் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வாங்கினார்கள். ஊராட்சிக்கு எதற்கு தரச்சான்று என்று தோன்றலாம். கடன் கொடுப்பவன் பார்ப்பது அதைத்தானே! 2021-ல் கிளியர்வாட்டர் கடலுணவு நிறுவனத்தில் பாதிப் பங்கு மிக்மாக் கூட்டணியிடம் வந்தது. முன்னின்றது மெம்பர்டூ. அதற்கு 25 கோடி கனடா டாலர் நீண்டகாலக் கடன்.

கே: 'மார்ஷல் தீர்ப்பு' என்கிறார்களே, அது என்ன?

ப: மெம்பர்டூக்காரரான டொனால்ட் மார்ஷல் ஜூனியர் 1993-ல் 463 பவுண்டு விலாங்கு பிடித்து 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். உரிமம் இல்லை, மீன்பிடி தடைக்காலம் என்று வழக்கு. பிரிட்டிஷாரோடு செய்த 1760-61 ஒப்பந்தங்களின்படி 'மிதமான பிழைப்புக்கு' மீன் பிடித்து விற்கும் உரிமை உண்டு என்று 1999 செப்டம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. இரண்டே மாதத்தில், வளம் காக்க அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்று விளக்கமும் தந்தது. 'மிதம்' என்றால் எவ்வளவு என்பதை மட்டும் யாரும் எண்ணில் சொல்லவில்லை. 2020-ல் செயின்ட் மேரிஸ் விரிகுடாவில் லாப்ஸ்டர் (சிங்கி இறால்) வலைக்கூண்டுகளுக்காக மிக்மாக் மீனவர்களுக்கும் மற்ற மீனவர்களுக்கும் நடந்த மோதலுக்கு வேர் அங்கேதான்.

கே: மிக்மாக் மக்கள் செய்யும், முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டிகளில் பசையே கிடையாதாமே? பிறகு முள் எப்படி நிற்கிறது?

ப: ஈரம்தான் பசை. பிர்ச் மரப்பட்டையைச் சாறு ஓடும் கோடைத் தொடக்கத்தில் உரித்தால் தாளாகக் கழன்று வரும். முள்ளைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். சாயமேற்றிய முள்ளை மறுபடி ஊறவைத்து மென்மையாக்குவார்கள். காய்ந்த முள்ளை வளைத்தால் பிளந்துவிடும். ஈரப்பட்டையில் குத்தூசியால் முள்ளைவிடச் சற்றுக் குறுகிய துளையிட்டு, முனையைச் செருகி, மேலே படிய வளைத்து, மறுமுனையை அடுத்த துளையில் இறக்குவார்கள். பட்டை காயும்போது துளை சுருங்கி முள்ளைக் கவ்வும். துளை பெரிதானால் மாதக்கணக்கு வேலை ஒரே நாளில் உதிரும். துளைகளை நெருக்கிப் போட்டால் பட்டையே கிழிந்துபோகும். உள்ளே நீட்டும் முனைகளை வெட்டி, இன்னொரு பட்டையை உள்ளொட்டாகப் போடுவார்கள். ஓரம் கட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர்.

கே: மிக்மாக்கா, மிக்மாவா? எது சரி?

ப: இரண்டும். பலரைச் சொல்லும்போது மிக்மாக். ஒருவர் என்றாலோ அடைமொழியாகவோ மிக்மா. மிக்மா மொழியை நோவா ஸ்கோஷியாவின் முதல் மொழி என்று ஏற்கும் சட்டம் 2022 அக்டோபர் 1, அதாவது பழைய ஒப்பந்தங்களை நினைவுகூரும் 'ஒப்பந்த நாள்' அன்று, நடைமுறைக்கு வந்தது.