“கிட்னி தேறட்டும், அப்புறம் கீமோ” என்று காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. காசிமேட்டில் வலை பின்னுகிறார். நாலு மாதமாக முதுகுவலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்தார். இப்போது கிரியாட்டினின் (கிட்னி கெட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவு) 6.8. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோயாம். டயாலிசிஸ் தொடங்கியாகிவிட்டது. கிட்னி தேறிய பிறகு கீமோ பார்க்கலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சரியா?

பதில்: காத்திருக்காதீர்கள். உங்கள் அப்பாவின் கிட்னிக்கு முக்கியமான மருந்தே அந்தப் புற்றுநோய் சிகிச்சைதான்.

இந்த நோயில் எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகி, ‘லைட் செயின்’ என்ற புரதத் துண்டுகளை இரத்தத்தில் கொட்டுகின்றன. அவை கிட்னியின் நுண்குழாய்களில் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்கின்றன. மழைக்கு வியாசர்பாடி சுரங்கப்பாதையில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைப்பார்களே, டயாலிசிஸ் அந்த மாதிரி. உயிரைக் காக்கும், ஆனால் உள்ளே வந்துகொண்டிருப்பதை நிறுத்தாது. லைட் செயின் வருவதை நிறுத்துவது போர்டிசோமிப், டெக்ஸாமெத்தசோன் போன்ற புற்றுநோய் சிகிச்சை மருந்துகள். போர்டிசோமிப் தோலுக்கடியில் போடும் ஊசி. கிட்னி பழுதுக்காக அதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை, டயாலிசிஸில் இருப்பவருக்கும் போடலாம். லைட் செயின் சீக்கிரம் இறங்கினால் சிலர் டயாலிசிஸிலிருந்தே வெளியே வருகிறார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்காது. ஆனால் அடைப்பு நாள்பட்டால் தழும்பாகிவிடும், அதனால்தான் அவசரம்.

அந்த முதுகுவலி மாத்திரை டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை என்றால் இன்றே நிறுத்துங்கள். மைலோமா வலிக்கு இவற்றைப் போட்டு கிட்னியை இன்னும் கெடுத்துக்கொள்வது சகஜம். வலிக்கு என்ன தருவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கால்சியம் மாத்திரை, கஷாயம், பஸ்பம் எதுவும் அவரைக் கேட்காமல் வேண்டாம்; இந்த நோயில் இரத்தக் கால்சியம் ஏறுவதும் கிட்னியைத் தாக்கும். சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் கிட்னி பிரச்சினையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘நிறையத் தண்ணீர் குடி’ என்பது சிறுநீர் நன்றாகப் போகிறவருக்கு; டயாலிசிஸில் இருப்பவருக்கு அளவு வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரைக் குச்சியில் தொட்டுப் பார்க்கும் சோதனையில் புரதம் குறைவு என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள். அது அல்புமின் என்ற வேறொரு புரதத்தைத்தான் காட்டும், லைட் செயினை அநேகமாகத் தவறவிடும். இரத்தத்தில் ‘ஃப்ரீ லைட் செயின்’ அளவுதான் முக்கியம்.

செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். கிட்னி டாக்டரும் இரத்தநோய் டாக்டரும் பேசிக்கொண்டார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். முதல் ஊசி எந்தத் தேதியில் என்பதையும்.