லொகேஷன் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: "டென்வருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது அண்ணா. அக்டோபரில் முதல்முறையாக எல்க் மான் வேட்டைக்குப் போனேன். யூடியூபில் ஒருவர் காட்டிய இடம்தான். விடியும் முன்பே இருபது வண்டிகள் நின்றன. நாலு நாளில் ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. நீங்கள் போகும் இடத்தின் லொகேஷனை அனுப்புவீர்களா?"

அனுப்ப மாட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் கொலராடோவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வேட்டையைக் கட்டுப்படுத்திய இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பிறந்தவன், ஊரில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இந்த ஊர்ப் பையன்களுக்குக் காட்டைக் காட்டித் தர தாத்தா இருப்பார், மாமா இருப்பார். நமக்கு யார்? காற்றின் திசை பார்ப்பது, இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்துச் சுமப்பது எல்லாம் எனக்கும் இணையத்தில் முகம் தெரியாதவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவைதான். அதனால் பகிர்வதே தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். வேட்டையாடும் விதத்தை யாருக்கும் சொல்லலாம். இடத்தை மட்டும் ஊரறியப் போடக்கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நாலு வருடம் அலைந்து தேசிய வனத்துக்குள் ஒரு சின்னப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தேன். அங்கே முதல் எல்க் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு படம் எடுத்துப் பொதுவில் போட்டேன். ஊர்ப் பெயர் போடவில்லை, யூனிட் எண்ணும் (வேட்டைக்காக மாநிலம் பிரித்து வைத்திருக்கும் பகுதியின் எண்) போடவில்லை. ஆனால் பின்னால் மலைமுகடு தெரிந்தது. அதன் வடிவத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டு யாரோ இடத்தைப் பிடித்துவிட்டார்கள். முந்தின வருடம் எங்களோடு சேர்த்து இரண்டு வண்டிகள் நின்ற மண்சாலை முனையில் அடுத்த வருடம் பதினொன்று. சீசன் தொடங்கிய அன்று காலையிலேயே மான்கள் வேலி தாண்டித் தனியார் பண்ணைக்குள் போய்விட்டன. அவை வைக்கோல் வயலில் மேய்வதை மேலே இருந்து பைனாகுலரில் பார்த்தோம். உரிமையாளர் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. முப்பது வருடமாக அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அன்று மத்தியானமே கூடாரத்தைப் பிரித்துக் கட்டினார். என் படத்தால்தான் இது என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

எல்க் நெரிசலைத் தாங்காது. ரோடும் சத்தமும் இருக்கும் இடத்தை விட்டு விலகும், ஆள் கூடினால் ஆள் வராத பண்ணைக்குப் போய்விடும். அதனால் ஒரே புள்ளியில் எல்லோரும் குவிந்தால் யாருக்கும் மான் கிடையாது. மரங்களுக்கு நடுவே ரைஃபிளோடு அத்தனை பேர் நிற்பதில் ஆபத்தும் இருக்கிறது. மற்றவர் கண்ணில் படும்படி 500 சதுர அங்குலப் பளீர் ஆரஞ்சு அல்லது பிங்க் துணி உடுத்த வேண்டும் என்று இங்கே சட்டம் கேட்பது வேடிக்கைக்கு இல்லை.

வரைபட ஆப்களை நான் குறை சொல்லவில்லை. 2009இல் மான்டானாவின் மிசூலாவில் ஆன்எக்ஸ் என்ற வரைபட ஆப் நிறுவனம் தொடங்கியது. பொது நிலம் எங்கே முடிகிறது, தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது என்பது இன்று போனிலேயே தெரிகிறது. நம்மைப் போன்ற வெளியாட்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் அதே போனில் ஒருவர் குத்திய புள்ளி ஆயிரம் பேரிடம் போய்ச் சேர்கிறது. கூட்டத்தைக் குறைக்க மாநிலமும் பார்க்கிறது. 2025 முதல் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வெளிமாநிலத்தவர் எல்க் வில்வேட்டைக்குக் குலுக்கலில்தான் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டென்வரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ஒரு யூனிட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே போதும், வருடா வருடம் அதற்கே போங்கள். வண்டி நிற்கும் இடங்களை எல்லாம் வரைபடத்தில் முதலில் குறியுங்கள், மனிதர்கள் எங்கே இருப்பார்கள் என்பது தெரிந்துவிடும். அப்புறம் அவற்றிலிருந்து விலகி, தண்ணீருக்குப் பக்கத்தில் வடக்கு பார்த்த அடர்ந்த சரிவைத் தேடுங்கள். கொம்பு உரசித் தோலுரிந்த மரம், சேற்றில் புரண்ட குழி இருந்தால் நல்ல அடையாளம். அந்தப் பகுதி வனவிலங்கு அதிகாரிக்கு போன் போட்டுக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

எச்-1பி விசாவில் இருந்தால் இன்னொன்று. குடியேற்றமில்லாத விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை வாருங்கள், என் பள்ளத்தாக்குக்கே கூட்டிப் போகிறேன். போனை வண்டியில் வைத்துவிட்டுக் காலை நாலு மணிக்கு நடக்கத் தொடங்குவோம். ஆறு மைல், ஏற்றம் அதிகம். பூட்ஸை இப்போதே போட்டு நடந்து பழகுங்கள்.